கெப்பை விற்க மாட்டேன், மகள்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் ரொஷேலுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அப்பாவின் பிரஷரையும் மருந்தையும் கேட்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. அவரும் பக்கத்திலேயே இருப்பார், சில விஷயங்களை அவர் காதுபடச் சொல்ல முடியாது. ஸ்ட்ரோக் வந்து அவருக்குப் பேச்சுப் போனதிலிருந்து இந்த வீட்டில் குரல் என்றால் என்னுடையது மட்டும்தான். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், சில நாள் அதுவும் அலுத்து டீவியைப் போட்டுவிட்டு இருந்துவிடுவேன்.

அப்பாவின் டபுள் கெப்பை, அந்தப் பெரிய பிக்கப் வாகனத்தை, வாங்க றமேஷ் வந்தாரா என்று கேட்டிருந்தாய். வந்தார், விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபிக்காதே, காரணத்தைக் கேள். போன மாதம் வெள்ளம் வந்த அன்று காலையில், அப்பாவைக் குளிப்பாட்ட வருகிற ஆறாயி வரவில்லை, போன்தான் வந்தது. "அம்மா, வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சும்மா, மருமவ நிரோஷாவுக்கு வலி கண்டுருச்சு, ஒரு த்ரீவீலும் வரமாட்டேங்குது" என்று அழுதாள். அவள் வீடு கிராண்ட்பாஸில் ஆற்றுப் பக்கம். எனக்குச் சின்னக் கார் ஓடித்தான் பழக்கம், கெப்பை ஒருநாளும் தொட்டதில்லை. அப்பாவைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. கீழ்வீட்டு இப்றாஹிம் நானாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவரை முன் சீட்டில் தூக்கி இருத்தினோம்.

தண்ணீர் தொடங்குகிற இடத்தில் அப்பா இடது கையால் டாஷ்போர்டில் ஓங்கி அடித்தார். நிறுத்தினேன். கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தடியைக் காட்டினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஃபோர் வீலில் போடச் சொல்கிறார் என்று விளங்கியது. கிளச்சை மிதித்து இழுத்தேன், அசையவில்லை. இன்னும் பலமாக இழுக்கப் போக, என் கையைத் தட்டிவிட்டு, உள்ளங்கையை முன்னால் மெதுவாகத் தள்ளிக் காட்டினார். ஸ்டியரிங்கை நேரே பிடித்து, வாகனத்தைக் கொஞ்சம் உருளவிட்டு, அக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். தன் கையை என் கைக்கு மேல் வைத்தார். தடி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. பம்பர்வரை தண்ணீர். கரையில் நின்ற சிங்கள ஆட்கள் "ஹிமின் அம்மே, ஹிமின்" என்று கத்தினார்கள். மெதுவாகவே போனேன், எங்கும் நிறுத்தவில்லை. நிரோஷாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம்.

திரும்பும்போது காய்ந்த தார் ரோட்டில் வளைத்தேன். ஸ்டியரிங் இறுகி, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வாகனம் துள்ளியது. உடைத்துவிட்டேன் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தேன். அப்பா மறுபடியும் அடித்தார். ஃபோர் வீலை எடுக்க மறந்துபோனேன்! தடியை இழுத்தால் வரவில்லை. தலையைப் பின்பக்கம் ஆட்டிக் காட்டினார். சக்கரத்தை நேராக்கிக் கொஞ்சத் தூரம் ரிவர்ஸில் போக, டக்கென்று தானே விட்டுக்கொடுத்தது. அப்பா சிரித்தார், மகள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, சத்தம்போட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன். பின்னால் ஹோன் அடித்தவர்களுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருத்தியதும் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். தனிமை எனக்குத்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தும் சொல்ல வழியில்லாத மனிதர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மருந்து கொடுத்தோம், பிரஷர் பார்த்தோம், அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அடுத்த முறை நீ எடுக்கும்போது போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடிக்கிறேன். பனியில் உன் வாகனம் வழுக்கினால் என்ன செய்வது என்று அவரைக் கேள். கையால் காட்டுவார். விளங்காவிட்டாலும், அவர் காட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிரு.

உன் அம்மா,
கொன்ஸ்ரன்ஸ்