ரிமோட் உன் கையில் இருந்தபோது

எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் அதைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போவார். பிறகு சந்தேகம் வந்து திரும்பி நின்று இன்னொரு முறை ரிமோட்டை அழுத்துவார். கீக், கீக். அந்தச் சத்தம் கேட்டதும் என் உள்ளங்கால் சுருங்குகிறது. நீ போய் இத்தனை காலம் ஆன பிறகும்.

‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். கட்டிய நாள் முதல் நீ கண் மூடும் வரை ‘நீங்க’ தவறியதில்லை. அது போதும்.

நம் பழைய வெள்ளை அம்பாசடரின் கதவுப் பூட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. சாவியைப் போட்டால் சும்மா சுற்றும், கதவு திறக்காது. அப்போதுதான் சென்ட்ரல் லாக் பைத்தியம் உனக்குப் பிடித்தது. செங்கல்பட்டில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்குப் பின்தெருவில் சேகரின் கார் மெக்கானிக் கடை. நான்கு கதவின் உள்தட்டையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மோட்டார் வைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தினார் சேகர்.

“அண்ணாத்த, சாவி இனிமே வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும்தான். கதவுக்கு இதான்” என்று இரண்டு ரிமோட்டுகளை நீட்டினார். நான் கை நீட்டினேன். நீ இரண்டையும் வாங்கிக்கொண்டாய். ஒன்று உன் சாவிக்கொத்துக்குப் போனது, இன்னொன்று பீரோவுக்கு.

அன்று முதல் ஆரம்பித்தது உன் விளையாட்டு. நான் கைப்பிடியைத் தொடுவதற்கும் நீ பூட்டுவதற்கும் சரியாக இருக்கும். கையை எடுத்தால் திறப்பாய், மறுபடி தொட்டால் பூட்டுவாய். கல்பாக்கம் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் பார்க்கப் பார்க்க, “இன்னாடி, கதவு தொறக்கக்கூடவா தெரில?” என்று சிரிப்பாய். நானும் சிரித்து வைப்பேன்.

பிறகு அந்த ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை. உன் ஆபீஸ் நண்பர்களோடு மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் இறங்குவதற்கு முன் என் செருப்பைக் காரிலேயே விடச் சொன்னாய், திரும்பி வரும்போது மணல் ஒட்டிக்கொண்டு காருக்குள் வரக்கூடாதாம். ஈர மணலில் நடந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன்: “இவருக்கு மாமல்லபுரமே தெரில. அதத் தாண்டி நெம்மேலி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தோம்.” எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

உச்சிவெயிலில் காருக்குத் திரும்பினோம். கருந்தார்த் தரை. நான் கதவைத் தொட்டேன், பூட்டிக்கொண்டது. நீ இளநீர்க் கடை நிழலில் நண்பர்களோடு நின்றிருந்தாய்.

“ஏங்க, கால் சுடுது.”

“தப்புன்னு சொல்லு, தொறக்கிறேன்.”

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினேன். நிழலுக்கு வர ஓர் அடி எடுத்து வைத்தேன். “அங்கேயே நில்லு” என்றாய். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உன் நண்பர்களில் ஒருவர், “விடுப்பா, பாவம்” என்றார். நீ இளநீரை முழுக்கக் குடித்து முடித்தாய். “தப்புங்க” என்று நான் சொன்ன பிறகுதான் கீக் என்றது. கொப்புளத்தோடு மறுநாள் வகுப்பில் நின்றேன்.

அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். உன்னிடம் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். லைசென்ஸ் வந்தது. பீரோவிலிருந்து இரண்டாவது ரிமோட்டை எடுத்தேன். நீ குளிக்கும் நேரத்தில் கார் சாவியைச் சோப்பில் பதித்து மாற்றுச்சாவி செய்துகொண்டேன். சேகரிடம் போய், ஒரு ரிமோட் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“கறுப்புப் பொட்டியில பட்டன் கீதுக்கா. சாவியப் போட்டுட்டு அத்த அமுக்கிப் புடி, பழசெல்லாம் மறந்துடும். அப்புறம் நீ எந்த ரிமோட்ட அமுக்குறியோ, அது ஒண்ணுதான் வேலை செய்யும்.”

மாமல்லபுரத்தில் உன் மேலதிகாரிக்கு ஓய்வு விருந்து நடக்கும்வரை பொறுத்திருந்தேன். அதே நண்பர்கள் அங்கே வருவார்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டின் நடுவில் கை கழுவ எழுந்து போனேன். என் ரிமோட்டால் காரைத் திறந்து, மாற்றுச்சாவியைப் போட்டுப் பட்டனை அழுத்தி, உன் ரிமோட்டை மறக்கடித்துவிட்டுப் பூட்டினேன். திரும்பி வந்து பாயசம் குடித்தேன். அவ்வளவு ருசியான பாயசத்தை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

வெளியே வந்து அழுத்தினாய். அழுத்திக்கொண்டே இருந்தாய். “பேட்டரி பூட்ச்சு போல” என்று உள்ளங்கையில் தட்டினாய். நண்பர்கள் கூடினார்கள். நான் டிரைவர் பக்கம் போய் நின்று என் ரிமோட்டைக் காட்டினேன்.

“தப்புன்னு சொல்லுங்க, தொறக்கிறேன்.”

அன்றைக்கு ‘பாவம்’ என்றவர் தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினார். உன் முகம் கறுத்தது. நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டும் என்று நான் நிற்கவும் இல்லை. ஏறி உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். உன் காலில் ஷூ இருந்தது. அது ஒன்றுதான் குறை.

யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாய். அதற்குப் பிறகு நீ அந்தக் காரை ஓட்டவே இல்லை. கிட்னி கெட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் உன்னைக் கூட்டிப்போன நாட்களில் கதவருகே வந்து நிற்பாய். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் தாமதித்துத்தான் அழுத்தினேன்.

“வேணும்னே பண்ற” என்றாய் ஒருநாள்.

“ஆமாங்க” என்றேன்.

உறவுக்காரர்கள் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். படுக்கையில் கிடந்தவனுக்கு முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாளாம். செய்தேன்தான். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

நீ போவதற்குச் சில நாள் முன்பு, மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தாய்.

“அன்னிக்கி மாபலிபுரத்துல... காலு ரொம்ப சுட்டுச்சா?”

உன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன். ‘சுட்டுச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ மன்னிப்புக் கேட்டு, பாரத்தை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாய்.

“என்னிக்குங்க?” என்றேன்.

“கார்க் கதவு... நீ வெளிய நின்னுகினு...”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. கஞ்சி ஆறுது.”

என்னையே பார்த்தாய். நான் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கஞ்சிக்காக வாயைத் திறந்தாய்.

நீ சொல்ல வந்ததை நான் சொல்ல விடவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.