மகாராணியின் சீம்பால்

மார்ச் 4

கோணக்கொம்பிக்குக் கழிச்சல் இன்றும் நிற்கவில்லை. மூன்றாவது வாரம். தண்ணீராகக் கழிகிறாள். பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று, தீவனத்தை மாற்றியாயிற்று. காய்ச்சல் இல்லை. தீனியில் ஒரு குறையும் இல்லை, பக்கத்துத் தொட்டியிலும் மூக்கை நுழைக்கிறாள். ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். தின்பதெல்லாம் எங்கேதான் போகிறது?

"வெயில் ஆரம்பிச்சிடுச்சுல்ல, சூடு" என்கிறார் இவர். போன மாதம் "பனி" என்றார். இந்த மனுஷன் வானிலை வாசிக்கப் போயிருக்கலாம்.

மார்ச் 9

ஞாயிறு. தங்கை வந்தாள். இரண்டு வருடம் முன்பு நான் கொடுத்த கிடாரிக்கு அடுத்த மாதம் தலையீற்று. பிறக்கப்போகும் கன்றுக்கு மகாராணியின் சீம்பால் வேண்டுமாம். ஃப்ரீசரிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து, ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான். கறவையில் மகாராணியை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. அவள் ஈன்றால் சீம்பால் குடம் குடமாக வரும். மிச்சத்தை உறைய வைத்து, ஐந்து வருடமாக இந்தக் கொட்டகையில் பிறந்த எல்லாக் கன்றுக்கும் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். தாய்க்குச் சுரந்தாலும் சரி, சுரக்காவிட்டாலும் சரி.

"உன் எலும்பிய வித்துட்டு இன்னொரு நல்ல மாடா வாங்கேன்டி" என்றேன். அவளிடம் ஏற்கெனவே இருக்கும் ஒல்லி மாட்டுக்கு நான் வைத்த பெயர் அது.

"போக்கா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றாள்.

மார்ச் 13

கோணக்கொம்பிக்குத் தாடைக்குக் கீழே வீங்கித் தொங்குகிறது. டாக்டரம்மாவை வரவழைத்தோம். சின்ன வயது, அதிகம் பேசுவதில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தார், தாடையை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார், "இது கன்னா இருந்தப்ப யார் பாலக் குடிச்சுது?"

நாலு வயது மாட்டுக்கு வயிறு கெட்டால், கன்றாக இருந்தபோது குடித்த பாலைக் கேட்கிறாரே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

குடல் நோய் ஒன்று இருக்கிறதாம். ஒரு கிருமி. சாணத்தில், பாலில், சீம்பாலில் இருக்கும். கன்றுப் பருவத்தில் உள்ளே போய்விட்டு வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு குடல் தடித்து, தின்பது உடம்பில் ஒட்டாமல் போகும். மருந்து கிடையாது.

பால் மாடுகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார். பதினெட்டு. சாணமும் எடுத்தார். அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகுமாம், கிருமி அவ்வளவு மெதுவாக வளருமாம்.

மார்ச் 20

முதுகு வலி. முடிவு வரவில்லை.

மார்ச் 27

ரத்த முடிவு வந்துவிட்டது. கோணக்கொம்பிக்கு இருக்கிறது. அது தெரிந்ததுதான். இன்னும் நாலு பேருக்கு இருக்கிறது. இவர்கள் போக, புள்ளி என்கிற மாட்டுக்குச் சந்தேகம் என்று போட்டிருக்கிறது. நாலில் முதல் ஆள் மகாராணி.

மகாராணியா! தோல் பளபளவென்று இருக்கிறதே. இன்று காலைகூட வாளி நிறையக் கறந்தாளே.

"வெளிய தெரியறதுக்கு முன்னாடியே பரப்பும்மா" என்றார் டாக்டரம்மா.

ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். பதினோரு பாட்டில். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பள்ளம் தோண்டி அத்தனையையும் ஊற்றிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன்.

நான்தானே கொடுத்தேன். மடியில் தூக்கி வைத்து, விரலை வாயில் விட்டுப் பழக்கி, ஒவ்வொன்றுக்கும் நானே கொடுத்தேன். தங்கைக்குக் கொடுத்த கிடாரிக்கும்தான். அவளிடம் இப்போது இரண்டு பாட்டில் வேறு.

மார்ச் 29

தங்கையிடம் சொல்ல வேண்டும் என்றேன். "அதுக்கு வராமலும் போகலாம். ஏன் இப்பவே போய் வயித்துல புளியக் கரைக்கற?" என்றார் இவர். அவர் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 1

போன் செய்தேன். அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

ஏப்ரல் கடைசியில்தானே ஈற்று. நாளை சொல்லலாம்.

ஏப்ரல் 5

பஸ் பிடித்து நேரில் போனேன். வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். "நானே போன் பண்ண இருந்தேன்க்கா. முன்னாடியே ஈனிடுச்சு, முந்தாநாள். பொட்டக் கன்னு! உன் ரெண்டு பாட்டிலயும் ஒரே மூச்சுல குடிச்சுது பாரு."

உட்காராமலே சொன்னேன். எல்லாவற்றையும்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"இருபத்தேழாம் தேதி."

விரல் விட்டு எண்ணினாள். "அது பொறந்தது மூணாம் தேதி. ஏழு நாள். ஒரு போன் பண்ணியிருந்தா அத வெளிய கொட்டியிருப்பேன்ல? செவ்வாக்கிழமை மழையான்னு கேட்டியே, அன்னிக்குக்கூட உனக்குத் தெரியும்."

"கெளம்பு" என்றாள். சாப்பிட்டியா என்று கேட்காமல் அவள் என்னை அனுப்பியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 14

ஐந்து மாடுகளும் போயின. மகாராணியைக் கேட்டு ஒரு வியாபாரி வந்தான், வளர்ப்பதற்கு. நோயைச் சொன்னேன். "நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் சாணி வாரும் மண்வெட்டியோடு கேட் வரைக்கும் போனேன். அவனைத் துரத்தினேனா, என்னையே துரத்தினேனா, தெரியவில்லை.

இறைச்சிக் கூடத்து வண்டியில் மகாராணி தானாகவே ஏறினாள். எங்கே கூப்பிட்டாலும் வருவாள் அவள்.

ஜூன் 19

டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது. தங்கை தன் மாடுகளுக்கும் அவரிடமே ரத்தம் எடுக்கச் சொன்னாளாம். தங்கையின் கிடாரிக்கும் இருக்கிறது. "கன்னு தாயோட வயித்துலயும் வாங்கியிருக்கலாம். ஒங்க பாட்டிலாலதான்னு சொல்ல முடியாது" என்றார். நல்ல மனசு. அதனால் எனக்கு என்ன?

பத்து முறை போன் செய்திருப்பேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8

ஈனும் கொட்டகையைத் தனியாகக் கட்டியாயிற்று. உள்ளே போக ஒரு செருப்பு, வெளியே வர ஒரு செருப்பு. கன்று விழுந்த உடனே தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும், மடியில் வாய் வைப்பதற்குள். இன்று ஒன்றை எடுத்தேன். தாய் மத்தியானம் வரை கத்தினாள். வருடா வருடம் ரத்தம் எடுக்க வேண்டும், சுத்தமாக நாலைந்து வருடம் ஆகுமாம். எனக்கு இப்போதே ஐம்பத்தாறு. இடுப்பு விட்டுப்போகிறது.

நவம்பர் 11

புள்ளிக்கு வலி எடுத்துவிட்டது, பத்து நாள் முன்னதாக. சந்தேகம் என்று வந்தவள், அவள் சீம்பாலைக் கொடுக்கக் கூடாது. சுத்தம் என்று வந்த மாடு எதுவும் இப்போது ஈனவில்லை. ஃப்ரீசர் காலி. கன்றுக்கோ சில மணி நேரத்துக்குள் சீம்பால் போயாக வேண்டும். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "பாக்கறேம்மா" என்றார்.

கன்று விழுந்தது. பொட்டை. துடைத்துத் தனி அறையில் வைத்தேன். என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆட்டோ சத்தம். தங்கை. ஏழு மாதம் கழித்து. என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டருகே நின்று, யாரும் சொல்லாமலே செருப்பை மாற்றினாள். பையிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்தாள்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. இது எலும்பியோடது. போன வாரம் ஈனுச்சு. ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. தேதி எழுதியிருக்கேன், பாத்துக்க."

பார்த்தேன். மாட்டின் பெயர், கறந்த நாள், இரண்டு ரத்தப் பரிசோதனை நாள். எழுத்து குண்டு குண்டாக இருந்தது. அதற்குள் எனக்குக் கண் மங்கிவிட்டது.

"அழுவறத அப்புறம் வச்சுக்க" என்றாள். "வெந்நி எங்க? இது ஆறிப் போச்சு."

அவளே சூடாக்கினாள். அவளே மடியில் தூக்கி வைத்து விரலை வாயில் விட்டாள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கன்று ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

கிளம்பும்போது, "சாப்ட்டியா?" என்றாள்.