என் பெயரில் ஓடியது

11.2.1993, வியாழன்

மூன்று நாளாக ஆபீஸ் சர்வரில் ஒரு கப்பல் பட்டியல் எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. பெரிய ரிப்போர்ட்டாக எடுப்பதால்தான் இப்படி என்று பக்கத்து மேசை சரசாக்காவை மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார்.

இன்று தேடிப் பார்த்தேன். பின்னணியில் ஒரு புரோகிராம் நிற்காமல் ஓடி, மெஷினின் முக்கால்வாசி சக்தியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் பெயர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுக்கக் கிளம்பிய அவசரத்தில், சோதனைக்குப் போட்டதை நிறுத்த மறந்திருக்கிறேன். சத்தமில்லாமல் நிறுத்தினேன். சர்வர் சரியானது. மேனேஜர் தோளில் தட்டினார்.

மத்தியானம் சரசாக்கா இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்தார்.

"நீ இல்லன்னா இன்னும் என்னைத்தான் ஏசிக்கிட்டு இருப்பாரு, தம்பி. சாப்பிடு லா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். தன் பொட்டலத்து முட்டையையும் எடுத்து என் இலையில் வைத்தார்.

அதையும் தின்றேன்.