வாசலில் நின்ற கார்கள்

மான்மவுத் ஜங்ஷன்,
ரமலான் பிறை 18

தம்பி தௌபீக்குக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்பதால் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் கேட்டபோது ஸாரி லாத்தா என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுவதும் படி.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு இஃப்தாருக்கு ஒருவரும் வரவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ரமலான் சனிக்கிழமை என்றால் இங்கே இருக்கும் நம் ஆட்களின் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டில்தான். சட்டி நிறையக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி ஆறிப் போனது. தலைவலி, டயர் பஞ்சர், பிள்ளைக்கு ஹோம்வொர்க் என்று ஆளுக்கொரு மெசேஜ். பக்கத்துத் தெரு தமீமின் மனைவிதான் கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நீ டெக்ஸாஸிலிருந்து வந்திருந்தாயே, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வெளியே போய் ஒவ்வொரு காரின் நம்பர் பிளேட்டையும் குனிந்து குனிந்து படம் எடுத்தாயாம். பிள்ளைக்கு டயப்பர் எடுக்கக் காருக்குப் போன தமீமின் மனைவியே பார்த்திருக்கிறாள். நாட்டுப் பாதுகாப்பு வேலைக்கென்று நீ ஹோம்லேண்ட் செக்யூரிட்டி சர்டிஃபிகேட் படிப்பதை அன்றைக்குத்தான் நான் பெருமையாகச் சொல்லித் தொலைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிவாசலுக்கு வெளியே நின்று கார் நம்பர்களைக் குறித்துக்கொண்டு போன போலீஸ் ஆட்களைப் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமீமுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒருவர் உன் மச்சானிடம், உங்கள் மைத்துனர் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். மச்சான் வீட்டுக்கு வந்து என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கஞ்சிச் சட்டியைக் கழுவித் துடைத்து கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கேட்டபோது நீ எதையும் மறைக்கவில்லை, அது உண்மை. சுற்றுப்புறத்தைக் கவனித்துப் பதிவு செய்யும் பயிற்சியாம், வகுப்பில் கொடுத்ததாம், படங்களை அப்புறம் அழித்துவிட்டாயாம். அதற்கு என் வாசல்தான் கிடைத்ததா என்றேன். நீ சொன்ன பதில் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "வேற தெருவுல எடுத்தா என்னயத்தான் போலீஸ்ல சொல்லுவாங்க லாத்தா. நம்ம ஆளுங்கன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஒன்றும் பண்ண மாட்டார்கள்தான். வீட்டுக்கு வராமல் இருப்பார்கள், அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களிடம் உனக்குப் பயம் இருக்கிறது. உன்னை நம்பி உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் உனக்குப் பயிற்சிக்கு ஆகிவிட்டார்கள். வெட்கமாக இல்லையா உனக்கு?

பெருநாளைக்கு வா. டிக்கெட் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. தொழுகை முடிந்ததும் உன் மச்சான் பக்கத்தில் நின்று, தமீமிடமும் மற்றவர்களிடமும் என்ன செய்தாய், எதற்குச் செய்தாய் என்று உன் வாயாலேயே சொல். முடியாதென்றால் இனி என் வாசலை மிதிக்காதே. உம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் பரீட்சை என்றாய். நீ பாஸாக வேண்டும் என்று துஆ கேட்க எனக்கு மனம் வரவில்லை. தாடியும் தொப்பியுமாக நீ ராத்திரி தராவீஹ் தொழுகைக்குப் போகிற அந்த ஊர்த் தெருவில், உன் காரை எவனும் குனிந்து படம் எடுக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் லாத்தா,
சுலைகா