வலது காதில் கேட்ட கிதார்

ஜூன் 4

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை உங்கள் தங்கை வாயிலாக வாரந்தோறும் அறிந்துவருகிறேன். நேரடியாக எழுதிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கடிதம் சற்று விறைப்பாக இருந்தால் பொறுத்தருள்க.

நாம் நால்வரும் வாசித்த கிதார் இசைத்தட்டை மறுவெளியீடு செய்திருக்கிறார்கள். தங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும். பழைய தட்டில் நான்கு கிதார்களும் ஒரே குவியலாகக் கேட்கும். இதில் மூல நாடாவிலிருந்து எடுத்து, இடம் வலமாகப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனை மாட்டி, கண்களை மூடி, அன்றைய என் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பதாகப் பாவித்துக் கேட்டேன். விரல் கம்பியில் உரசுவதுகூடத் தனித்தனியே கேட்கிறது.

மூன்றாவது உருப்படியின் முடிவை மட்டும் பதினொரு முறை கேட்டேன். மௌனமாக நான்கு எண்ணிவிட்டு நால்வரும் சேர்ந்து மீட்ட வேண்டிய இடம். ஒரு கிதார் முந்திக்கொள்கிறது. அது தங்களுடையதே என்று அன்று ஏழு பத்திகளில், எண்ணிட்டு, எழுதி அனுப்பினேன். அதன்பின் நாம் சேர்ந்து வாசிக்கவில்லை. விசேஷங்களில் "சாப்பிட்டாச்சா?", "ஆச்சு" என்பதோடு சரி.

இப்போது ஐயத்துக்கு இடமில்லை. அந்த ஒலி வலது காதில் விழுகிறது. அரைவட்டத்தின் வலது கோடியில் அமர்ந்திருந்தவன் நான். இடது கோடியில் தாங்கள். ஆகவே, முந்தியவன் நானே. ஏழு பத்திகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கோருகிறேன், நிபந்தனை ஏதுமில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை கணவன்


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைச்சுது. ரெண்டு நாளா சட்டைப் பையில வச்சுக்கிட்டே திரிஞ்சேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுக்கிட்டு மறுபடியும் படிச்சேன். ஒரு வக்கீல் 'நிபந்தனை ஏதுமில்லை'ன்னு எழுதறது லேசுப்பட்ட காரியமா? பேசாம வாங்கி வச்சுக்கலாம்னுதான் பாத்தேன். மனசு ஒப்பலை.

ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டீங்க மாப்பிள்ளை. மைக் நமக்கு எதிர்ல இருந்துச்சு. தட்டைக் கேக்கறவங்க நமக்கு எதிர்ல உக்காந்து கேக்கற கணக்குத்தான். அவங்க வலது, நம்ம இடது. உங்க வலது காதுல விழுந்தது என் கிதார்.

முந்தினது நான்தான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஏழு பத்தி எழுதின மனுஷனுக்கு 'ஆமா'ன்னு ஒத்தை வார்த்தை எழுத வீம்பு விடலை. பத்தொன்பது வருஷம் ஓடிப்போச்சு.

ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க புருவம் உயர்ந்தா மீட்டணும், அதுதானே நம்ம ஏற்பாடு? அன்னைக்கு மூணு எண்ணும்போதே உங்க புருவம் மேல போச்சு. நான் பாத்தேன். நடுவுல இருந்த பல் டாக்டரும் அவர் தம்பியும் கண்ணை மூடி எண்ணிக்கிட்டு இருந்தாங்க, அவங்க தப்பிச்சாங்க. அது ஏன் உயர்ந்துச்சு?

கிதார் இன்னும் பீரோ மேல இருக்கு. கம்பிதான் இல்லை.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 15

அன்புள்ள மச்சான்,

தங்கள் கடிதம் கண்டதும், என் நாற்காலி இருந்த இடத்தை விட்டு மனத்தளவில் எழுந்து, எதிரே சென்று அமர்ந்து கேட்டேன். தாங்கள் சொன்னதே சரி. "இத்தனை வருஷம் கேஸ் நடத்தினீங்களே, எதிராளி பக்கம் ஒரு நாளாவது உக்காந்து பாத்தீங்களா?" என்று உங்கள் தங்கை சிரிக்கிறாள். "நடுவுல நின்னு நான் சேதி சுமந்தது போதும், சண்டைன்னாலும் நேர்ல போட்டுக்குங்க" என்பதும் அவள் கூற்றே.

இனி புருவம் குறித்து. உயர்ந்தது உண்மை. எனக்குத் தும்மல் வந்தது. ஒலிப்பதிவு கெட்டுவிடக் கூடாதென்று அடக்கினேன். அந்தப் போராட்டத்தில் புருவம் ஏறியிருக்க வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பேன். கேட்க நான் இடங்கொடுக்கவில்லை என்பதே நேர்மை.

எனவே என் ஒப்புதல் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிப்பை அல்ல, அது அந்த ஏழு பத்திகளுக்கு உரியது.

இப்போது அந்த இடம் வரும்போதெல்லாம் வீட்டில் இருவரும் சிரித்துவிடுகிறோம். சரியாக முடிந்திருந்தால் இத்தனை முறை கேட்டிருப்போமா என்பது சந்தேகமே.

இத்துடன் ஒரு செட் கம்பி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்னறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே இருக்கும்.

என்றும் அன்புடன்,
மாப்பிள்ளை

அண்ணா, தும்மல் வந்தா தும்மிடுங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். நீ கம்பியை மாட்டிக்கிட்டு வா.