ஆடி முடியட்டும்

13.8.98, வியாழன்

புது சர்வர் ஹெட் ஆபீசில் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. சிங்காநல்லூர் மில்லிலும் கிணத்துக்கடவு மில்லிலும் இருக்கும் சர்வர்கள் பழைய வெர்ஷன். புதியதைச் சேர்ப்பதற்கு முன்னால் பழைய இரண்டிலும் ஒரு சின்ன புரோகிராமை ஏற்றியாக வேண்டும். இந்த வரிசை மாறினால், யார் யார் உள்ளே நுழையலாம் என்று வைத்திருக்கும் டைரக்டரியில் பெயர்கள் எல்லாம் குழம்பிவிடும்; எந்த ஆபீசிலும் ஒருவரும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாது.

இதை இன்று முதலாளியிடம் மூன்று முறை சொன்னேன்.

"ஆடியில எதையும் ஆரம்பிக்க வேண்டாமுங்க தம்பி. திங்கக்கிழமை ஆவணி பொறக்குது. காலைல ஆறேகாலுக்கு நல்ல நேரம். புது மிசினுக்குப் பூசை போட்டு மொதல்ல அதைய ஓட்டிப்போடுங்க. பழசை அப்பறம் பாத்துக்கலாம்."

"பழசுலதானுங்க மொதல்ல செய்யோணும். அது ஆரம்பம் இல்லீங்க, தயார் பண்றதுதானுங்க."

"எல்லாம் ஒண்ணுதானுங்க. நேரம் நல்லா இருந்தா தானா நடக்கும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். 

வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். ஆறேகாலுக்குப் புதியதை ஓட்டிக் கெடுப்பதைச் சரிசெய்யக்கூட ஒன்பது வரை மிசினைத் தொட விடமாட்டார். ஒன்பது மணிக்கு ஆபீசில் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.