மாயாண்டியின் சீரோ

3 மார்ச் 2025, திங்கள்

கார் நிறுத்த இடம் தேடி மூன்று முறை சுற்றினேன். ஈப்போ மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம். இன்னும் ஒரு நாள்கூடக் கோபப்படாமல் வாட்டுக்குள் நுழைந்ததில்லை. ரமலான் நோன்பின் இரண்டாம் நாள். சிஸ்டர் ரோஹானி ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் முப்பது பேரைக் கவனிக்கிறார். நான் மருந்தறையில் ஒளிந்து கோப்பி குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆறாம் கட்டிலுக்குப் புதியவர். மாயாண்டி, வயது அறுபத்தெட்டு. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பட்டை சீவிப் பால் எடுக்கிற வேலை. தோட்டம் செம்பனையாக, எண்ணெய்ப்பனையாக மாறிய பிறகு டவுனில் காவல் வேலை. மனைவி இல்லை. ஒரே மகள் சரளா, கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். புற்று எலும்புக்குப் போய்விட்டது. குணப்படுத்த வழியில்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வாட் இருப்பதே அதற்குத்தான்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு கறையான் அரித்த பலகை மாதிரி இருக்கிறது. மனிதர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வலிக்கு எண் சொல்லச் சொன்னேன். சீரோ என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது.

"சீரோ டாக்டர்."

5 மார்ச், புதன்

ஆறாம் கட்டில்: சீரோ. மார்ஃபின் நன்றாக வேலை செய்கிறது.

6 மார்ச், வியாழன்

இன்றும் சீரோ. தர்மினி, பரவாயில்லையே நீ!

மாயாண்டி என்னைக் 'கிராணியம்மா' என்கிறார். அவரைக் குளிப்பாட்டும் வாட் உதவியாளர் தினேஸ்வரி வாயைப் பொத்திச் சிரித்தாள். என் பேச்சில் யாழ்ப்பாண வாடை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார் போல; அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள். என் அப்பப்பா விஸ்வலிங்கம் உண்மையிலேயே தோட்டத்துக் கிராணிதான், கணக்குப்பிள்ளை. கோட்டும் தொப்பியுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் படமாக நிற்கிறார். செல்லமாகத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

8 மார்ச், சனி

சரளா வந்தாள். முப்பத்தாறு வயது, மெலிந்த உடம்பு, தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வந்திருக்கிறாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, "கெளம்பு, பஸ்ஸு போயிடும்" என்று மாயாண்டி அவளை அனுப்பிவிட்டார்.

10 மார்ச், திங்கள்

மாயாண்டிக்கு மலச்சிக்கல், கொஞ்சம் மயக்கம். ஒரு வாரமாகச் சீரோ. இடையில் கூடுதல் மருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மார்ஃபினைப் பாதியாகக் குறைத்தேன். இப்படியே இருந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

11 மார்ச், செவ்வாய்

இந்தத் தினேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஆறாம் கட்டில் அப்பாவுக்கு வலிக்குது டாக்டர்."

"சார்ட்டைப் பார்த்தியா? எட்டு நாளா சீரோ."

"சார்ட்டுக்கு வலிக்காது டாக்டர். கோவிச்சிக்காதீங்கலா, நாளைக்குக் குளிக்க ஊத்தும்போது வந்து பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடம் படித்தவள் நான், பாத்திரம் தூக்குகிறவள் சொல்லித் தெரிந்துகொள்ளணுமா? இதை எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. அழிக்கவில்லை. இருக்கட்டும்.

12 மார்ச், புதன்

எங்கே ஆரம்பிப்பது?

போனேன். திரைக்கு வெளியே நின்றேன், ஒரு இடுக்கு வழியாகத் தெரிந்தது. தினேஸ்வரி முதலில் காற்றாடியை நிறுத்தினாள். இரண்டு பேசினில் வெந்நீர். முழங்கையின் உட்பக்கத்தை நனைத்துச் சூடு பார்த்தாள். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொல்கிறாள். "இப்போ எடது காலுப்பா. தூக்கல, சும்மா புடிக்கிறேன். மூச்ச வுடுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்." அவர் மூச்சு வெளியேறும் அந்த நொடியில்தான் புரட்டுகிறாள், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவசரமே இல்லாத கை. முதுகில் எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தைத் துணியால் ஒற்றி மட்டும் எடுக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. எந்த ஸ்கேனும் பார்க்காமல் புற்று இருக்கும் இடத்தையெல்லாம் விலகி விலகிப் போகிறது. நான் பிரமித்துப் போய் நின்றேன்.

பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லுக்கு நடுவில் சுருட்டிய துவாலை. நெற்றியில் வியர்வை வழிகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ஒரு முனகல் இல்லை. அந்த இடுப்பெலும்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் இப்படிச் சத்தமில்லாமல் இருக்க முடியுமா? முடிகிறதே. என் கண்ணால் பார்த்தேனே.

"எவ்வளவுப்பா?" என்று கேட்டாள் அவள்.

துவாலையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "உசுரு போய்ட்டு வருது தாயி."

நான் திரையை விலக்கினேன். என்னைக் கண்டதும் துவாலை தலையணைக்கு அடியில் போய்விட்டது. போர்வையை மார்பு வரை இழுத்தார். இரண்டு கைகளையும் பக்கத்தில் நேராக நீட்டி வைத்துக்கொண்டார்.

"சீரோ டாக்டர்."

வராந்தாவில் தினேஸ்வரி சொன்னாள். அவள் அப்பாவும் மரம் வெட்டியவர்தானாம். "தோட்டத்துல விடியுமுன்ன பெரட்டு நடக்கும் டாக்டர். எல்லாரும் வரிசையா நிப்பாங்க, கிராணி செக்ரோல், அந்தப் பேரு புத்தகத்த வச்சுகிட்டு பேரு கூப்புடுவாரு. 'ஒடம்பு முடியல'ன்னு சொன்னா பேர வெட்டிருவாரு, அன்னைக்குக் கூலி இல்ல. மறுநாளும் முடியலன்னா அவங்க வெட்டுற மரத்தத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீங்க காலைல ஏழு மணிக்கு, பின்னாடி ரெண்டு பேரு நிக்க, பைலக் கையில புடிச்சுகிட்டு கட்டில் காலடியில நின்னு பேரு கூப்புடுறீங்க. அவரு என்னா சொல்வாருன்னு நெனைக்கிறீங்க?"

"என்கிட்ட எதுக்குப் பயம்?"

"வலின்னு சொன்னா கட்டில வேற ஆளுக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிருவீங்களாம். மக வேலைய வுட்டுட்டு பக்கத்துல உக்காரணுமாம். எங்கிட்டயே நேத்துதான் வாயத் தொறந்தாரு, யாருக்கும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகிட்டு."

வலிக்கிறவர்களுக்காகவே இருக்கிற வாட் இது. வலியில்லை என்று சொன்னதால்தான் அவரை அனுப்பப் பார்த்தேன். அவர் சொன்ன சீரோவை நம்பி மருந்தில் பாதியைப் பிடுங்கினேன். ரெண்டு நாளு. ஐயோ, ரெண்டு நாளா அந்த மனுசன் துவாலையக் கடிச்சுகிட்டு கெடந்திருக்காரு, நான் பக்கத்து ரூம்ல உக்காந்து என்னையே மெச்சிகிட்டு இருந்திருக்கேன்.

மருந்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, அதற்கு மேலும் ஏற்றினேன். குளியலுக்கு அரை மணி நேரம் முன்னால் தனியாக ஒரு வேளை.

13 மார்ச், வியாழன்

காலையில் மறுபடி சீரோ. உங்கள் பெயரை யாரும் வெட்ட மாட்டார்கள் என்று சொன்னேன். தலையாட்டினார். சீரோ.

புத்திசாலித்தனமாக ஒன்று செய்யப் போனேன். "சரி ஐயா, மரக் கணக்கில் சொல்லுங்க. இப்போ இருக்கிற வலி எத்தனை மரம் வெட்டின அலுப்பு மாதிரி?" அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "கிராணியம்மா, நீங்க மரத்தத் தொட்டாச்சும் பாத்திருக்கீங்களா?" நல்லா வேணும் எனக்கு.

மதியம் கோட்டைக் கழற்றிவிட்டு, பைல் இல்லாமல் போனேன். அவர் முகம் என் முகத்துக்கு மேலே இருக்கும்படி தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன்.

"ஐயா, திங்கக்கிழமை உங்க மருந்தைப் பாதியாக் குறைச்சது நான்தான். சார்ட்டை மட்டும் பார்த்தேன், உங்களைப் பார்க்கலை. ரெண்டு நாள் நீங்க பட்ட வலி என் தப்பாலே வந்தது. மன்னிச்சிடுங்க. எங்க அப்பப்பாவும் கிராணிதான்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"பைலு புடிச்சவங்க யாரும் எங்கிட்ட தப்புன்னு சொன்னதில்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்றதுன்னா எங்கேருந்து சொல்றது?" என்று கேட்டார்.

சொன்னார். இருபது நிமிடம். இடுப்பில் எந்த விரற்கடையில் தொடங்குகிறது, தொடையின் எந்தப் பக்கமாக இறங்குகிறது, எங்கே எரிச்சலாக மாறுகிறது, இருமினால் எது, திரும்பினால் எது, மருந்து இறங்கும்போது எது முதலில் விடுகிறது, எது கடைசி வரை பிடித்துக்கொள்கிறது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுத்த கண் அது, தன் உடம்பையும் அப்படித்தான் பார்த்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் வலியை இவ்வளவு சுத்தமாக நான் படித்ததில்லை. இத்தனையும் பத்து நாளாக அந்தச் சீரோவுக்குள் இருந்திருக்கிறது.

அந்த எரிச்சல் என்பது நரம்பு வலி. அதற்கு மருந்தே வேறு. இன்றே ஆரம்பித்துவிட்டேன்.

14 மார்ச், வெள்ளி

அம்மாவிடம் போனில் கேட்டேன், அப்பப்பா ஆட்களின் பெயரை வெட்டியிருக்கிறாரா என்று. "அவர் ஒருத்தரையும் கை நீட்டி அடிச்சவரில்லை பிள்ளை," என்றார். நான் கேட்டது அதையில்லை. பிறகு, "அது அவரின்ரை வேலைதானே," என்றார்.

சண்டை போடவில்லை. யாரோடு போட? நானும் இங்கே என் வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

16 மார்ச், ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். தூங்கினேன்.

17 மார்ச், திங்கள்

ஆறாம் கட்டிலுக்கு மட்டும் சுற்றைப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். பயிற்சி டாக்டர் பவித்ரன் வெளியே நின்று எழுதுகிறான். இன்று பார்த்து பெரிய டாக்டரும் கூட வந்தார். நான் நாற்காலியை இழுப்பதற்குள்—

"ஏழு," என்றார் மாயாண்டி.

கேட்கவேயில்லை நான்.

"காலை மருந்து அரை மணி நேரம் லேட்டு. வலிக்குதுலா. என்னத்த பண்ணிகிட்டு இருக்கீங்க நீங்கள்லாம்?"

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தினேஸ்வரியைப் பார்த்தேன். அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எத்தனையோ நோயாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் கும்பிடத் தோன்றியதில்லை. அறுபத்தெட்டு வருடத்தில் இந்த மனிதர் முதல் தடவையாக, பெரிய டாக்டரே எதிரில் நிற்கும்போது, எனக்கு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

கூடுதல் மருந்து கொடுத்தோம். நாற்பது நிமிடத்தில் இரண்டு. இது நம்பக்கூடிய இரண்டு.

19 மார்ச், புதன்

மாயாண்டிக்குக் காற்றாடி வேகம் போதாது. கோப்பியில் சீனி இல்லை. பக்கத்துக் கட்டில் டிவி சத்தம். கட்டிலோரத்து அழைப்பு மணியை விட்டுக் கையை எடுப்பதில்லை.

"நீங்கதான் கெடுத்து வச்சிட்டீங்க," என்கிறாள் தினேஸ்வரி. ஆனால் மணி அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக. "நீங்க மனசுக்குள்ள திட்டுனது மூஞ்சிலயே தெரிஞ்சிச்சு டாக்டர்," என்றாள். பிறகு தன் தட்டிலிருந்த நெத்திலிச் சம்பலில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

22 மார்ச், சனி

சரளா. இன்று இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வேறு மாதிரி, பல்லைக் கடிக்காத சிரிப்பு. ஆனாலும் நாலு மணிக்கு, "கெளம்பு, பஸ்ஸு போயிடும்." எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறவர் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவில்லை. தலையணை சரிந்திருந்தது. அவள் போகும் வரை காத்திருந்து, பிறகுதான் மணியை அடித்தார்.

25 மார்ச், செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் அதிகம். சிறுநீர் குறைந்துவிட்டது. இன்னும் சில நாட்கள்தான். சரளாவுக்குப் போன் செய்தேன். வேலை முடிந்த கையோடு ஏறி, இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். அப்பா அனுப்பிவிடுவாரோ என்று வாசலிலேயே நின்றாள்.

26 மார்ச், புதன்

வலி ஒன்று. சில நேரம் சீரோ. நிஜமான சீரோ, நெற்றி சொல்கிறது. மாத்திரை விழுங்க முடியவில்லை, தோலுக்கடியில் ஊசிக்கு மாற்றினேன். தினேஸ்வரி குளிப்பாட்டினாள். துவாலை அவர் பல்லில் இல்லை, அவள் தோளில் கிடந்தது. எனக்கு அதைப் பார்த்ததே போதும்.

27 மார்ச், வியாழன்

மாயாண்டி காலை பதினொன்று பத்துக்குப் போனார். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, அடுத்தது வரவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தினேஸ்வரி கடைசியாக ஒரு முறை குளிப்பாட்டினாள், அதே இரண்டு பேசின், அதே வெந்நீர். "இப்போ எடது காலுப்பா," என்று அப்போதும் சொன்னாள். சிஸ்டர் ரோஹானி திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எத்தனையோ மரணம் பார்த்தவள், இப்படி மரியாதையோடு ஒரு உடம்பை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

சரளா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள்.

"காலைல முழிச்சாரு டாக்டர். ஆறு மணி இருக்கும். மணிய அடிக்கல, என்னையப் பாத்தாரு. வாய் காயுது, தண்ணி தொட்டு வைன்னாரு. தலகாணிய ஏத்தி வைன்னாரு. காத்தாடிய நிப்பாட்டுன்னாரு." விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் நாலாவது விரலில் நின்றாள். "அப்புறம், போவாதம்மா, இங்கயே இருன்னாரு. எனக்கு வயசு முப்பத்தாறு. அப்பா எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல டாக்டர்."

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"நாலையும் செஞ்சேன்."